சொடுக்கில் அவிழும் பொருள்: மின்பாட ஸ்லைடுகளில் மறைப்பும் வெளிப்பாடும்

மின்வழிக் கற்பித்தலுக்கென ஆக்கப்படும் பாடங்களில் பெருவழக்காய் உள்ள உத்தி ஒன்று உண்டு. திரையில் சில பொத்தான்களோ படங்களோ தலைப்புகளோ மட்டும் காணப்படும். அவற்றுள் ஒன்றைச் சொடுக்கினால் அதற்குரிய விளக்கம் தோன்றும். மற்றொன்றைச் சொடுக்கினால் முன்னது மறைந்து பின்னது தோன்றும். 'சொடுக்கி வெளிப்படுத்தல்' என்று பாட ஆக்குநர் இதனைக் குறிப்பர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கணினியியலார்க்கே உரிய செய்தியாகத் தோன்றலாம். ஆயின் எதனை முன்வைப்பது, எதனை மறைத்து வைப்பது, மறைத்ததை எப்போது அவிழ்ப்பது என்னும் சிக்கல்கள் நூலமைப்பைப் பற்றியவை. தமிழ் உரைமரபும் இலக்கண மரபும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்தவை. ஆகவே தமிழ்ப் பாடங்களில் இவ்வுத்தி கையாளப்படும் முறையை அம்மரபுகளின் துணையுடன் மதிப்பிடுவது பொருத்தமுடையதாகும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறலாம். 'சொடுக்கு' என்பது விரலைத் தெறித்து ஒலியெழுப்புதலையும் சாட்டையை வீசுதலையும் குறித்து வந்த சொல். சுட்டியின் பொத்தானை அழுத்துதற்கு அது பின்னர் ஆகி வந்தது. கைந்நொடிப் பொழுதைக் குறிக்கும் 'நொடி' என்னும் சொல்லோ விடுகதைக்கும் பெயராய் வழங்கியது. தொல்காப்பியர் யாப்பின் வகைகளுள் ஒன்றாகக் கூறும் பிசியை 'நொடி' என்றும் வழங்குவர். இவ்விரு பொருளும் ஒரு வேரினவா என்பது வேறு ஆய்வு. எனினும் விரல் தெறிப்பும் புதிர் அவிழ்ப்பும் ஒரு சொல்லில் அடுத்தடுத்து நிற்பது, இவ்வுத்தியின் இருவேறு பயன்பாடுகளைப் பிரித்தறியத் துணை செய்கிறது. சில ஸ்லைடுகள் புதிரை அவிழ்க்கின்றன. பல ஸ்லைடுகள் விரலைத் தெறிப்பதோடு நின்றுவிடுகின்றன.

அடுக்கும் தூண்டியும்

பவர்பாயின்ட் மென்பொருளின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஒரு பொருளைச் சொடுக்கினால் வேறொரு பொருள் தோன்றுமாறு செய்யும் 'ட்ரிக்கர்' என்னும் வசதி இடம்பெற்றது. 2012இல் வெளிவந்த ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் அதனை மேலும் எளிதாக்கியது. இம்மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் அடித்தளம் உண்டு. அதன்மேல் வேண்டுமளவு அடுக்குகளைச் சேர்க்கலாம். அடித்தளத்திலுள்ள பொத்தானுக்கு ஒரு தூண்டியை இணைத்து, 'இதனைச் சொடுக்குங்கால் இன்ன அடுக்கைக் காட்டுக' என ஆணையிட்டால் பணி முடிந்தது. பொத்தானுக்கு இயல்பு நிலை, சுட்டி மேல்வரும் நிலை, பார்த்து முடித்த நிலை முதலிய பல நிலைகள் உண்டு. நிரல் எழுத அறியாத ஆசிரியரும் ஓரிரு மணி நேரத்தில் இவற்றைப் பயின்றுவிடலாம். இவ்வெளிமையே இவ்வுத்தி பெருகியமைக்குக் காரணம். அது மிகையாகக் கையாளப்படுவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

ஓர் அடுக்கை உருவாக்கியதும் அதன் பண்புகளுள் 'பிற அடுக்குகளை மறைத்திடுக' என்னும் தெரிவு தானாகவே இடப்பட்டிருக்கும். பயன்படுத்துவோருள் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை இச்சிறு தெரிவு பொருளையே மாற்றிவிடவல்லது.

ஐந்திணையைக் கற்பிக்கும் ஸ்லைடு ஒன்றைக் கருதலாம். இதற்குப் பெரும்பாலார் முதலில் எண்ணும் வடிவம், திரையில் ஐந்து படங்கள் அமைத்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பெயரிடுவது. ஒன்றைச் சொடுக்கினால் அதன் முதல், கரு, உரி ஆகியன பட்டியலாகத் தோன்றும். காண்பதற்கு அழகியது, திரையில் நெரிசல் இல்லை. நன்னூலார் கூறும் உத்திகளுள் தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் இங்கு ஒருங்கே அமைந்தன என்றும் தோன்றும். தொகை அடித்தளத்தில் உள்ளது. வகை அடுக்குகளில் உள்ளது.

ஆயின் திணை என்பது தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து வைக்கத்தக்க ஐந்து பொருள்களின் பட்டியல் அன்று. ஒன்றினின்று ஒன்று வேறுபடுதலால் பொருள் பெறும் அமைப்பு. முல்லையின் மாலைப்பொழுது, குறிஞ்சியின் யாமத்தோடு ஒப்பிடப்படுங்கால்தான் இருத்தலுக்கு ஏற்ற பொழுதாக விளங்குகிறது. நெய்தலின் எற்பாடும் மருதத்தின் வைகறையும் அவ்வாறே. ஒன்று தோன்றும்போது மற்றது மறைந்துவிடும் ஸ்லைடில் இவ்வொப்பீட்டிற்கு இடமில்லை. மாணவர் முந்தைய அடுக்கை நினைவில் வைத்திருந்து பிந்தையதனோடு பொருத்த வேண்டியவராகிறார். கற்கும் திறனின் ஒரு பகுதி நினைவில் சுமப்பதிலேயே கழிகிறது. ஐந்து வரிசையும் நான்கு பத்தியும் கொண்ட எளிய அட்டவணை ஒன்று இதனினும் மேலாகக் கற்பிக்கும்.

பாலைத் திணையில் இக்குறை மேலும் வெளிப்படுகிறது. தொல்காப்பியர் நானிலத்தைப் பகுக்குமிடத்துப் பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையைப் பாலை என்கிறது. எனவே பாலை என்னும் அடுக்கு, முல்லையடுக்கும் குறிஞ்சியடுக்கும் திரையில் நிற்க, அவற்றின்மேல் தோன்ற வேண்டியது. அத்தெரிவை நீக்கிவிட்டு, இரு நிலக்காட்சிகளும் வேனிலில் நிறம் மாறுமாறு அமைத்தால், கருத்து ஒன்று கண்முன் விளங்கும். அச்சேறிய நூல் செய்யவியலாத ஒன்றை மென்பொருள் செய்ததாகவும் அமையும். தெரிவை நீக்காவிடில் பாலையும் ஐந்தில் ஒரு படமாகி, மணற்பரப்பின் ஒளிப்படத்தைப் பெற்றுவிடும். சங்கப் பாலையை அரபு நாட்டுப் பாலைவனமாக மாணவர் எண்ணிக்கொள்ளும் வழுவிற்கு இத்தகு படங்களும் துணைபோகின்றன. முதலும் கருவும் மயங்கி வரும் திணைமயக்கத்தை ஐந்து மூடிய அறைகளைக் கொண்டு விளக்குவது எங்ஙனம் என்பதும் எண்ணத்தக்கது.

வினா எங்கே?

நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கிறது. தான் அறிந்ததை மாணாக்கன் அறிவானா எனக் காண ஆசிரியர் வினவுவது அறிவினா; அறியாத மாணாக்கன் ஆசிரியரை வினவுவது அறியா வினா. சொடுக்கி வெளிப்படுத்தும் ஸ்லைடில் நிகழ்வது இவற்றுள் எது? பொத்தானைச் சொடுக்குபவர் மாணவர் ஆதலின் அது அறியா வினா போலத் தோன்றுகிறது. உண்மையில் அவர் எதனையும் வினவவில்லை. 'உவமை', 'உருவகம்' என்னும் பெயர்ச்சொற்களே பொத்தான்களின்மேல் நிற்கின்றன. அவர் அறிய விரும்பியது யாது என்பதை ஸ்லைடு கேட்பதுமில்லை. அவர் அறிந்தது யாது என்பதைச் சோதிப்பதுமில்லை. வினா இன்றியே விடை வந்து நிற்கிறது.

உரையாசிரியர்களின் நெறி இதற்கு மாறானது. ஒரு கருத்தை விளக்கப் புகுமுன் 'என்னை?' என்றோ, இன்னவாறு கூறின் இன்ன குற்றம் தங்காதோ 'எனின்' என்றோ மாணாக்கன் கூற்றில் ஓர் ஐயத்தை எழுப்பிக்கொண்டு, பின்னரே விடையிறுப்பர். இறையனார் களவியல் உரை இவ்வினாவிடை நடைக்குப் பேர்பெற்றது. அங்கு வினா வெறும் அணி அன்று. அடுத்து வருவதை வேண்டி நிற்கும் மனநிலையைக் கற்பவரிடம் உண்டாக்குவது அது. 'பாலை' என்றிருக்கும் பொத்தானில் 'நிலம் இல்லாத திணைக்குக் கருப்பொருள் வருவது எவ்வாறு?' என எழுதினால் மென்பொருளில் மாற வேண்டியது ஏதுமில்லை; பொத்தானின் அகலம் சற்றே கூடும், அவ்வளவே. கற்பித்தலோ முற்றும் மாறும்.

மறைத்து வைத்துப் பின்னர்க் காட்டும் முறையின் நவீன வரலாறும் இதனையே உணர்த்துகிறது. அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் பொறிகளை வடிவமைத்தார். அவற்றுள் ஒன்றில் வினா ஒரு சாளரத்தின் வழியே தெரியும்; மாணவர் தம் விடையைத் தாளில் எழுதுவார்; நெம்புகோலை நகர்த்தினால் அவர் எழுதியது ஒளிபுகும் மூடியின்கீழ்ச் சென்றுவிட, சரியான விடை அருகில் வெளிப்படும். எழுதியதைப் படிக்கலாம், திருத்தவியலாது. இப்பொறியின் நுட்பம் விடையை மறைத்ததில் இல்லை; விடை வெளிப்படுமுன் மாணவரை ஒரு விடைக்குக் கட்டுப்படுத்தியதில் உள்ளது. இன்றைய ஸ்லைடுகள் அப்பொறியினின்று மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளையும் எழுதுகோலையும் விட்டுவிட்டன. ஸ்கின்னரின் நடத்தையியற் கொள்கைகளை ஏற்காதாரும் இவ்விழப்பை மறுத்தற்கில்லை.

பின்வந்த ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. சொல்லைப் படித்து அறிந்தவரினும், குறிப்பைக் கொண்டு தாமே அச்சொல்லைக் கண்டடைந்தவர் அதனை நன்கு நினைவில் வைத்திருந்தமையை 1978இல் ஸ்லமெக்கா, கிராஃப் ஆகியோர் காட்டினர். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் நிகழ்த்திய சோதனையில், உரைப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்தோ, நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். மூடி வைப்பது நன்றே. ஆயின் மூடியிருக்குங்கால் மாணவர் செய்வதற்கு ஏதேனும் பணி இருத்தல் வேண்டும்.

வெறும் சொடுக்கிற்கும் பயன் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மின்னல் தோன்றும் முறையை விளக்கும் அசைபடத்தைப் பதினாறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் இறுதியிலும் மாணவர் சொடுக்கிய பின்னரே அடுத்தது தொடருமாறு மேயரும் சாண்ட்லரும் 2001இல் அமைத்துப் பார்த்தனர். முதலில் பகுதி பகுதியாகக் கண்டவர்கள், கற்றதைப் புதிய சிக்கலுக்குப் பொருத்தும் வினாக்களில் மேம்பட்டனர். அங்கே பொருள் காரணகாரியத் தொடர்ச்சி உடையது. சொடுக்கு அதன் விரைவை மாணவர் கைக்கு மாற்றியது. புணர்ச்சி விதிகளைப் படிப்படியாகக் காட்டுதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. நிலைமொழி, வருமொழி, இடையில் நிகழும் திரிபு, முடிபு என ஒவ்வொரு சொடுக்கிற்கும் ஒரு படியாக வளரும் ஸ்லைடைக் குறைகூற இடமில்லை. தொடர்ச்சியுள்ள பொருளுக்கு இசைந்த முறையை ஒப்பீட்டுப் பொருளுக்கும் பட்டியலுக்கும் ஏற்றுவதே வழு.

தமிழ் மின்பாடங்களில் இவ்வுத்தியின் எளிய தொடக்க வடிவத்தைத் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்களில் காணலாம். 2001இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் பாடங்களில், தன்மதிப்பீட்டு வினாக்களும் அவற்றின் அருகே 'விடை' என்னும் இணைப்பும் இடம்பெறுகின்றன. அசைவுகளோ அடுக்குகளோ இல்லை. ஆயினும் வினா முழுத்தொடராக முன்நிற்றலின், பிற்காலத்து வண்ண ஸ்லைடுகள் பலவற்றினும் இவ்வமைப்பு கற்பித்தல் நெறிக்கு நெருங்கியது. விடை எழுத இடம் தராமையே இதன்கண் சுட்டத்தக்க குறை. இணைப்பின் முன் ஒரு வெற்றுக் கட்டத்தை அமைத்திருப்பின், கணினி அதனைத் திருத்தாது போயினும், மாணவர் தாம் எழுதியதையும் தரப்பட்ட விடையையும் ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்திருக்கும்.

உள்ளுறையைப் பொறுத்தவரை இச்சிக்கல் நுட்பமானது. உள்ளுறை உவமத்தின் இயல்பே, சொல்லப்பட்ட கருப்பொருள் நிகழ்ச்சியினின்று சொல்லப்படாத பொருளைக் கேட்போர் தாமே கொள்ளுமாறு நிற்பது. கவிஞரே மறைத்து வைத்தார். அவிழ்ப்பது படிப்பவர் பணி. பாடலின் அருகே 'உள்ளுறை' என்றொரு பொத்தானை வைத்தால், அப்பணியை விரல் ஏற்றுக்கொள்கிறது. உரைநூல்களும் உள்ளுறையை விரித்துரைக்கின்றனவே எனலாம். உண்மை. உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பில் பாடல், பதவுரை, கருத்து, விளக்கவுரை, ஒப்புமைப் பகுதி எனப் பல படிகள் உண்டு. ஆயின் அங்கு அனைத்தும் ஒரே பக்கப் பரப்பில் நிற்றலின் கண் மேலும் கீழும் சென்று மீள்கிறது; விளக்கத்தைப் படிக்கும்போது பாடல் மறைவதில்லை. ஸ்லைடிலோ விளக்க அடுக்கு பெரும்பாலும் பாடலின்மேலேயே விரிந்து அதனை மூடிவிடுகிறது. மூலத்தை மூடும் உரை என்பது ஏட்டிலும் அச்சிலும் கேட்டறியாதது.

பிற மாநிலத்து மாணவர்

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயில்வோர்க்கு இவ்வுத்தி தரும் உதவியும் ஊறும் தனித்து நோக்கத்தக்கன. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் வேற்றெழுத்து கற்றவர்கள் தில்லியிலும் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் உள்ளனர். இவர்களுக்கான ஸ்லைடில் தமிழ்ச் சொல்லைச் சொடுக்கினால் அதன் நாகரி வடிவமோ கன்னட வடிவமோ தோன்றுமாறு அமைப்பது முதலில் தோன்றும் எண்ணம். தமிழில் ககரம் ஒன்றே 'பக்கம்', 'பங்கு', 'அகம்' என்னும் இடங்களில் வேறுவேறாக ஒலிக்கிறது. நாகரியில் இவ்வேறுபாட்டிற்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. வேற்றெழுத்து வடிவத்தை உடனே காட்டிவிட்டால் மாணவர் அதனையே படிப்பார். தமிழெழுத்து கண்ணில் பட்டும் படாமலும் போகும். ஒலிப்பு, இடத்தைப் பொறுத்தது என்னும் விதி அவர்க்கு ஒருகாலும் தேவைப்படாது.

இதற்கு மாறாக, மூன்று சொற்களையும் ஒருசேரத் திரையில் நிறுத்தி, 'ககரம் எவ்விடத்து எவ்வாறு ஒலிக்கிறது?' என வினவி, மாணவர் தாமே ஒலித்துப் பார்த்தபின் சொடுக்கினால் ஒலிப்பதிவு கேட்குமாறு அமைத்தல் வேண்டும். எழுத்திற்கு எழுத்தைத் தருவதை விட்டு எழுத்திற்கு ஒலியைத் தருவது இது. அச்சுநூலால் எவ்வகையானும் இயலாத இதுவே சொடுக்கின் உரிய களம் எனல் தகும். சொற்பொருளைத் தாள் தரும். ஒலியைத் தாள் தராது.

முடிந்ததன் அடையாளம்

பாட ஆக்குநர் பலர், எல்லாப் பொத்தான்களையும் சொடுக்கி முடிக்கும்வரை 'அடுத்து' என்னும் பொத்தான் செயற்படாதவாறு பூட்டிவைப்பர். மாணவர் எதனையும் விட்டுவிடலாகாது என்னும் நல்லெண்ணமே இதன் காரணம். இயல்பாக நிகழ்வது வேறு. பூட்டைத் திறக்கும் வழி படிப்பது அன்று, சொடுக்குவதே என்பதை மாணவர் விரைவில் கண்டுகொள்கிறார். ஐந்து பொத்தான்களையும் ஐந்து நொடியில் தெறித்துவிட்டு அப்பால் செல்ல வழியுண்டு. பாடத்திற்கும் கற்றல் மேலாண்மை அமைப்பிற்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் ஸ்கார்ம் 1.2 என்னும் தரம் 2001இல் வெளிவந்தது. அது மாணவரின் நிலையைத் தேறினார், முடித்தார், தவறினார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவேயில்லை என ஆறாகக் குறிக்கிறது. எல்லாப் பொத்தான்களும் 'பார்த்து முடித்த நிலை' எய்தினால் 'முடித்தார்' எனப் பதியுமாறு அமைப்பதே பெருவழக்கு.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனக் கூறுமிடத்து, ஆட்டைக் கடைமாணாக்கர் வரிசையில் வைத்தார். ஒரு செடியில் நின்று வயிறு நிறைய மேயாது, செடிதோறும் ஒரு வாய் கடித்துச் செல்லும் அதன் இயல்பே காரணம். ஸ்கார்மின் ஆறு நிலைகளுள் ஆட்டிற்கு நேரானது 'மேலோட்டமாகப் பார்த்தார்' என்பது. பூட்டிய ஸ்லைடோ ஆட்டை 'முடித்தார்' எனப் பதிகிறது. அதனினும் வருந்தத்தக்கது, ஒரே அடுக்கில் நின்று பாடலை அசைபோட்டுக்கொண்டிருக்கும் ஆவை 'முடிக்கவில்லை' எனப் பதிவது. கல்வி நிறுவனங்கள் இப்பதிவுகளைக் கொண்டு வருகையையும் மதிப்பெண்ணையும் கணக்கிடுமாயின், இது வடிவமைப்புக் குறை என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது.

பார்வைக் குறையுடைய மாணவர் நிலையும் கருதத்தக்கது. திரைபடிப்பி மென்பொருள், திறவாத அடுக்கிலுள்ளதைப் படிப்பதில்லை. அடுக்கு திறந்த செய்தியையும், விசைப்பலகையால் அங்குச் செல்லும் வழியையும் பாட ஆக்குநர் முறையாக அமைத்தாலன்றி அம்மாணவர்க்கு அப்பகுதி இல்லாததே ஆகிறது. சுட்டி மேல்வந்தால் தோன்றும் குறிப்புகள் கைப்பேசித் திரையில் எவர்க்கும் தோன்றுவதில்லை. தமிழ் எழுத்துருச் சிக்கல்களுக்கு அஞ்சி, செய்யுளைப் படமாக்கி ஒட்டும் வழக்கம் முன்னர்ப் பரவலாக இருந்தது. கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றிய காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஒருங்குறி நிலைபெற்ற பின்னரும் தொடர்வதற்கு இல்லை. படமாகிய செய்யுளைத் திரைபடிப்பியும் படிக்காது, தேடுபொறியும் காணாது.

மறைத்து வைக்கப்பட்டதே முதலில் அழிகிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. 2000களில் ஆக்கப்பெற்ற ஊடாட்டப் பாடங்கள் பல ஃபிளாஷ் வடிவில் அமைந்தவை. ஆதர்வேர் என்னும் பழைய பாட ஆக்க மென்பொருளின் வளர்ச்சி 2007இல் நிறுத்தப்பட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிவுற்று, 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி உள்ளடக்கத்தை இயக்க மறுத்தது. அன்றுமுதல் அவ்வடிவப் பாடங்களின் அடுக்குகள், தனி முயற்சி இன்றித் திறவாதன ஆயின. அதே ஆண்டுகளில் எளிய இணையப் பக்கங்களாக எழுதப்பட்ட தமிழ்ப் பாடங்களோ இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஸ்டோரிலைன் மூலக்கோப்பும் அம்மென்பொருளில் மட்டுமே திறக்கவல்லது. எனவே தமிழ்த் துறைகள் இத்தகு பாடங்களை ஆக்குமிடத்து, அடுக்குகளில் உள்ள உரை முழுவதையும் வினா விடை வரிசை கெடாது ஒருங்குறியில் தனிக்கோப்பாகவும் எழுதி, நூலகத்தில் பாடத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அக்கோப்பைத் தனியே படித்துப் பொருள் விளங்குகிறதா எனப் பார்த்தபின் ஸ்லைடை அமைக்கத் தொடங்கின், எந்த அடுக்கு மறைந்திருக்க வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.